அம்மாயியின் வாழ்க்கையை நினைவு மலரில் எப்படி எழுதுவது?

கேள்வி: கொட்டகலைப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மாயி அண்மையில் இறைவனடி சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வருகிற உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் கொடுப்பதற்காகச் சிறியதொரு நினைவு மலர் அச்சிட வேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்து, எழுதுகிற பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இலங்கை மலையகக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்படி எழுதியவர்களின் ஆலோசனை வேண்டியே இதைப் பதிவிடுகிறேன்.

அம்மாயி கொட்டகலைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் கொழுந்து பறித்து, அதே தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். தாத்தா கவ்வாத்து மலையில் (தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் இடத்தில்) வேலை செய்தவர். என் அம்மா சிறுபிள்ளையாக இருக்கும்போதே தாத்தா இறந்துவிட்டார். அதன்பிறகு ஆறு பிள்ளைகளையும் அம்மாயி தனியாளாக நின்று வளர்த்தார். விடியுமுன்பே எழுந்து, லயக் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டு அறையின்) சுவரில் பலகை அடித்து வைத்திருந்த திரு இருதயப் படத்தின் முன்னால் விளக்கேற்றிச் செபம் சொல்லி, ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போவார். மலையில் நிரை பிடித்ததும், மற்றப் பெண்கள் "பொலி, பொலி" என்று சொல்லி முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது, அம்மாயி தாமும் அதைச் சொல்லி, கூடவே சிலுவை அடையாளமும் இட்டுக்கொள்வார் என்று அவரோடு வேலை செய்த பெண்கள் சொல்கிறார்கள்.

ஆனால் தோட்டத்து மக்கள் அவரை நினைப்பது இதற்காக மட்டுமல்ல. எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் பூசை வைக்கப் பங்குத்தந்தை மாதத்துக்கொரு முறைதான் வருவார். மற்ற நாள்களில் கோயிலைக் கூட்டித் துடைப்பதும், மே மாதத்திலும் ஒக்டோபர் மாதத்திலும் செபமாலையை முன்னின்று சொல்வதும், சாவு வீடுகளில் விடிய விடிய இருந்து மன்றாட்டுச் சொல்வதும் அம்மாயியின் வேலையாகவே இருந்தன. பிறந்த குழந்தை பிழைக்காது என்று தெரிந்துவிட்டால், கத்தோலிக்க வீட்டார் நள்ளிரவிலும் வந்து அவரைத் தட்டி எழுப்புவார்கள். திரு இருதயப் படத்துக்குப் பின்னால் நீல விளிம்பு போட்ட எனாமல் கோப்பை ஒன்றை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார். விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். அதில் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. சாகக் கிடக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கான கோப்பை அது என்பதை, நான் வளர்ந்த பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எழுத உட்கார்ந்தால் "அன்பின் உறைவிடம், பாசத்தின் பிறப்பிடம்" என்ற வரிகளே வருகின்றன. எந்த வீட்டு நினைவு மலரிலும் அச்சாகக்கூடிய அந்த வரிகளில் எங்கள் அம்மாயி இல்லை. இதுதான் என் முதற் கவலை.

அடுத்தது அவருடைய பிறந்த ஆண்டு. அடையாள அட்டையில் 1942 என்று இருக்கிறது. ஆனால் அவர் அதைவிட மூத்தவர் என்று உறவினர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

மூன்றாவது, எங்கள் பெரிய மாமா. 1974 ஆம் ஆண்டுப் பட்டினியைப் பற்றி எழுதக் கூடாது என்கிறார். அந்த நாள்களில் அம்மாயி பிள்ளைகளுக்கு இருந்ததைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, தாம் ஒருசந்தி (ஒருவேளை உணவோடு இருக்கும் நோன்பு) இருப்பதாகச் சொல்லி, சாயத்தண்ணியோடு (வெறும் தேநீரோடு) நிறுத்திக்கொள்வாராம். தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாள் போன பின்னும் அம்மா ஏன் இன்னும் ஒருசந்தி இருக்கிறார் என்று பிள்ளைகளில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை என்று சொல்லும்போது மாமா அழுதுவிட்டார். அதே மாமாதான், இதை அச்சில் போட்டால் குடும்பத்துக்கு இழுக்கு என்கிறார்.

கடைசியாக, அம்மாயியின் தம்பி எழுபதுகளில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர். ஒருவரையொருவர் பிறகு பார்க்கவேயில்லை. அம்மாயி அவரைப் பற்றிப் பேச மாட்டார். மன்னார்ப் பக்கத்து மடு மாதா திருநாளுக்குப் போகும்போது மற்றவர்கள் கோச்சியில் (இரயிலில்) போக, அவர் மட்டும் எவ்வளவு சுற்றினாலும் பஸ்ஸில்தான் போவார். காரணம் கேட்டால் பதில் வராது. இதையெல்லாம் எழுதலாமா? திருப்பலியில் நானே சில வார்த்தைகள் பேச வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அதற்கு முறை என்ன?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தலவாக்கலை

மகள், முதலில் உங்கள் குடும்பத்தினர் அனைவருக்கும் என் ஆழ்ந்த அனுதாபம். நான் கத்தோலிக்கன் அல்லன். ஆனால் என் வாழ்நாள் முழுவதும் தோட்டப் பாடசாலைகளிலே கழிந்தது. உங்கள் அம்மாயியைப் போன்ற பெண்கள் எங்கள் லயங்களிலும் இருந்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கும் மாதா திருநாளுக்கும் ஒரே முகத்தோடு வேலை செய்த பெண்கள் அவர்கள்.

அடையாள அட்டையில் உள்ள ஆண்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லிப் பதிந்துகொண்டவர்கள் நம்மவர்களிலே பலர். நீங்கள் தேட வேண்டியது பழைய பிரஜாவுரிமைத் தாள்களை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கிய பின், 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின்கீழ்ப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் கொடுக்கப்பட்டது. மணமானவர்கள் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர்கள் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே அது கிடைத்தது. உங்கள் அம்மாயி அப்போது சிறுமி. ஆகவே அவருடைய தகப்பனாரின் விண்ணப்பத்தில் பிள்ளைகளின் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இத்தகைய தாள்களைத் தகரப் பெட்டியின் அடியிலே போட்டு, மேலே கல்யாணச் சேலையை வைத்துப் பூட்டுவது வழக்கம். பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இனி உங்கள் மாமாவின் தடை. அவர் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சம் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குறையன்று. உலகச் சந்தையில் உணவுப் பொருள்களின் விலை ஏறி, நாட்டிலே அரிசிப் பங்கீடும் மாவும் குறைக்கப்பட்டபோது, காணி நிலம் எதுவுமின்றிப் பேர் விழுந்தால்தான் (ஒரு நாள் வேலை கணக்கில் பதிந்தால்தான்) அடுப்பெரியும் என்ற நிலையிலிருந்த தோட்ட மக்களே பெரிதும் அடிபட்டார்கள். தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் 1974 இல் கடுமையாக உயர்ந்தது. நகரத் தெருக்களிலே நம்மவர்கள் கையேந்தி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கண்டியில் 1972 இல் அருட்தந்தை போல் கஸ்பஸ் தொடங்கிய சத்யோதய நிலையம் தோட்ட மக்களின் நிலையை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னதும் இந்தக் காலத்திலேதான். பட்டினி கிடந்தவருக்கு அது எப்படி இழுக்காகும்? ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பெண் என்பதற்காகவே ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளத்தை வாங்கிக்கொண்டு, ஒரு பிள்ளையையும் சாகக் கொடுக்காமல் அந்த ஆண்டைக் கடந்தவர் உங்கள் அம்மாயி. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது 1984 இல்தான் என்பதை இளைய தலைமுறையினர் அறியமாட்டார்கள். இதையும் எழுதுங்கள்.

ஒருசந்தியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் சிறிது நேரம் எழுந்து நடந்தேன். அதை விட்டுவிட்டு எழுதினால் மலர் யாரைப் பற்றியது என்று எனக்குத் தெரியவில்லை.

பதில்: உபதேசியார், பண்டாரவளை

அன்புத் தங்கச்சிக்கு, இயேசுவுக்கே புகழ்.

நான் பதுளை மறைமாவட்டத்தில், குருவுக்குத் துணையாக மறையறிவு போதிக்கும் உபதேசியாராகப் பணி செய்கிறேன். உங்கள் பகுதி கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1972 வரைக்கும் ஊவாவும் கண்டியோடுதான் இருந்தது. எனவே அம்மாயியின் பெற்றோர் ஊவாத் தோட்டங்களில் இருந்து வந்தவர்களானால், தேடும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துச் சிற்றாலயங்களில் பதிவேடு இருக்காது. ஞானஸ்நானப் பதிவேடு தாய்ப் பங்கில் இருக்கும். முன்பு ஒரே பங்காக இருந்தவை பிறகு பிரிந்திருக்கலாம் என்பதால், அம்மாயி பிறந்த காலத்தில் உங்கள் தோட்டம் எந்தப் பங்கின்கீழ் இருந்தது என்பதைப் பங்குத்தந்தையிடம் முதலில் கேளுங்கள். பதிவில் பிறந்த நாளும் ஞானஸ்நானம் பெற்ற நாளும், தாய் தகப்பன் பெயரும், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரும், ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயரும் இருக்கும். பிறகு நடந்த திருமணத்தையும் அதே பதிவின் ஓரத்தில் குறித்து வைப்பது திருச்சபையின் விதி. பழைய பதிவுகளில் பெயர்கள் இலத்தீன் வடிவில் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பேதுருவின் இலத்தீன் பெயராகிய Petrus ஆகவும், சின்னப்பன் Paulus (பவுல்) ஆகவும், அருளப்பன் Joannes (யோவான்) ஆகவும், சந்தியாகு Jacobus (யாக்கோபு) ஆகவும் இருப்பார்கள். தகப்பன் பெயர் பொருந்தவில்லை என்று பதிவேட்டை மூடிவிடாதீர்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் அம்மாயியை ஞானஸ்நானம் பெற்றவராக மட்டும் தேடப் போகிறீர்கள். அவர் ஞானஸ்நானம் கொடுத்தவருமல்லவா? சாவு நேரிடும் ஆபத்தில் குரு இல்லாதபோது, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, தண்ணீரை ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது முழுமையான அருட்சாதனம். அப்படிக் கொடுத்தவர் அதைப் பங்குத்தந்தைக்கு அறிவிக்க வேண்டும். அவர் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதும்போது கொடுத்தவரின் பெயரையும் எழுத வேண்டும். ஆகவே அறுபதுகள் தொடங்கி எண்பதுகள் வரைக்கும் உங்கள் தோட்டத்துப் பெயர் வருகிற பதிவுகளைப் பாருங்கள். குருவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் அம்மாயியின் பெயர் இருக்கலாம். ஞானத்தாய்க்குரிய இடத்திலும் அவர் பெயர் அடிக்கடி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். துரைமாரும் டீமேக்கர்மாரும் தங்கள் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போன தோட்டங்களில், கொழுந்தெடுத்த ஒரு பெண்ணின் பெயர் திருச்சபையின் நிலையான ஏட்டில் இருக்குமானால், அதைவிட மலரில் எழுதத் தக்கது என்ன இருக்கிறது?

திருப்பலியில் பேசுவது பற்றி: அடக்கத் திருப்பலியில் மறையுரை இருக்க வேண்டும், ஆனால் அது இறந்தவரைப் புகழ்ந்துரைப்பதாக இருக்கக் கூடாது என்று திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் 382 ஆம் எண்ணில் சொல்கின்றன. முப்பத்தோராம் நாள் திருப்பலியிலும் குருக்கள் அந்த எண்ணத்தையே பின்பற்றுவார்கள். நற்கருணை வழங்கி முடிந்தபின், குருவின் அனுமதியோடு குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம். சுருக்கம் என்றால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். ஆண்டுகளையும் பட்டியல்களையும் மலருக்கு விட்டுவிடுங்கள். ஆலயத்தில் ஒரேயொரு நிகழ்ச்சியைச் சொல்லி, அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடும்படி கேட்டு முடியுங்கள். நம்மவர்கள் இறந்தவரை நேராக மோட்சத்தில் வைத்துப் பேசிவிடுகிறார்கள். உங்கள் அம்மாயி எத்தனையோ சாவு வீடுகளில் உத்தரிக்கிற (மோட்சம் சேருமுன் தூய்மை பெறுகிற) ஆத்துமாக்களுக்காக விழித்திருந்து செபித்தவர். தமக்கும் அந்தச் செபம் வேண்டும் என்றே அவர் கேட்டிருப்பார்.

அவர் சொல்லி வந்த பழைய செபங்களை உங்கள் அம்மாவோ சித்தியோ மனப்பாடமாக வைத்திருந்தால், அவர்களைச் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று தொடங்கிச் செபமாலை சொன்ன தலைமுறையின் குரல் மலையகத்தில் குறைந்து வருகிறது. மலரின் பின்னட்டையில் வழக்கமான வாழ்த்துப் பாவுக்குப் பதிலாக அந்தச் செபத்தையே போடலாம்.

பதில்: கூடலூரிலிருந்து ஒரு சகோதரி

அன்புள்ள அக்கா, நான் பிறந்தது நீலகிரி மாவட்டத்தின் கூடலூரில். என் அப்பாயியும் தாத்தாவும் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இங்கே வந்தவர்கள். 1964 அக்டோபர் 30 ஆம் தேதி ஏற்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த நம்மவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று எழுதினார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே காம்பராவில் பிறந்த அக்காவும் தம்பியும் இப்படித்தான் இரண்டு நாட்டுக் கணக்கில் விழுந்தார்கள்.

அம்மாயி ஏன் மடுவுக்குக் கோச்சியில் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்தியாவுக்குப் போனவர்களை மலையகத்து நிலையங்களிலிருந்து கோச்சியில் ஏற்றித் தலைமன்னார் இறங்குதுறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கு அனுப்பினார்கள். மடுவீதி நிலையம் அதே தலைமன்னார்ப் பாதையில்தான் இருக்கிறது. மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டு கதறியதை அப்பாயி சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்ந்தோம். கோச்சி நகர்ந்த பின்னும் கொஞ்ச தூரம் கூடவே ஓடினார்களாம். தம்பியைக் கொண்டுபோன தண்டவாளத்தில் போய் மாதாவைப் பார்க்க உங்கள் அம்மாயிக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இப்படி இருந்திருக்கலாம் என்றுகூட எழுத வேண்டாம். அவர் பஸ்ஸில் போனார் என்பதையும், அவருடைய தம்பி எந்த வழியாகப் போனார் என்பதையும் அடுத்தடுத்து எழுதுங்கள். படிக்கிற நம்மவர்களுக்குப் புரியும்.

ஆசிரியர் ஐயா சொன்ன சட்டங்களும் ஆண்டுகளும் உண்மையானவை. ஆனாலும் ஓர் எட்டுப் பக்க மலரில் அவை பாதியை எடுத்துக்கொண்டால் அம்மாயி உட்காருவதற்கு இடமிருக்காது. சட்டத்துக்கு ஒரு வாக்கியம் போதும். அந்தச் சட்டத்தால் அவருடைய பெட்டிக்குள் என்ன தாள் வந்தது, அவரை விட்டு யார் போனார் என்பதை விரிவாக எழுதலாம். ஐயா என்னைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

தம்பியின் குடும்பத்தைத் தேட விரும்பினால் நானும் உதவுகிறேன். தாயகம் திரும்பியவர்கள் என்று பெயரிட்டு எங்களவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, அங்கிருந்து பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தமிழ்நாடு அரசு எங்களுக்காகவே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகிய அதை டான்டீ என்று சொல்வோம். இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் இலங்கையில் தாங்கள் இருந்த தோட்டத்தின் பெயரை இன்னும் மறக்கவில்லை. பெயர்களை இங்கே பொதுவில் போடாமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பெரியவர்களிடம் விசாரிக்கிறேன். மலர் அச்சாகும் முன் கிடைக்காவிட்டாலும், அக்கா இறந்த செய்தியாவது அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

கொட்டகலைப் பேத்தி

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தகரப் பெட்டியைத் திறந்தோம். ஐயா சொன்ன விண்ணப்பத்தின் பிரதி மடிப்பு மடிப்பாகக் கிழிந்த நிலையில் இருந்தது. அதில் அம்மாயி தம் தகப்பனாரின் மூத்த மகளாக, அடையாள அட்டையில் உள்ளதைவிட இரண்டு வயது கூடியவராக இருக்கிறார். அவருக்குக் கீழே தம்பியின் பெயர் இருக்கிறது. தாளின் அந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கிப் போயிருக்கிறது என்று அம்மா சொன்னார். கூடலூர்ச் சகோதரிக்கு விவரங்களை அனுப்பியிருக்கிறேன்.

மாமாவிடம் உங்கள் பதில்களை வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் ஐயாவின் பதிலை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "ஒருசந்தியை எழுது, ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிற்று என்பதையும் சேர்த்து எழுது" என்றார். அதன்படி எழுதிய பத்தியைக் கீழே தருகிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"1974 ஆம் ஆண்டில் தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பேர் விழவில்லை. கூப்பன் மாவும் குறைந்துபோயிற்று. அம்மாயி வேலை முடிந்து வரும்போது இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்பில் கீரையைப் பறித்துக் கட்டிக்கொண்டு வருவார். ஒரு ரொட்டியை நான்காகப் பிய்த்துச் சிறிய பிள்ளைகளுக்கும், மரவள்ளிக் கிழங்கைப் பெரிய பிள்ளைகளுக்கும் கொடுப்பார். தமக்கு ஒருசந்தி என்பார். திருநாள் கடந்த பின்னும் அவர் ஒருசந்தி இருந்தார். பிள்ளைகளாகிய நாங்கள் அதை நம்பினோம். எங்கள் அம்மா அந்த ஆண்டில் எத்தனை நாள் சாப்பிட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது."

இந்தப் பத்தி மாமா சொல்வதாகவே மலரில் வரும். அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார்.

உபதேசியார் அண்ணனிடம் இன்னுமொன்று கேட்க வேண்டும். பங்குப் பணிமனைக்குப் போய் விசாரித்தோம். பங்குத்தந்தை பழைய ஏடுகளை அன்போடு எடுத்துத் தந்தார். நீங்கள் சொன்னபடியே, குருவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாயியின் பெயரைப் பல பதிவுகளில் கண்டோம். சில குழந்தைகளுக்குப் பெயர்கூட அம்மாயியே வைத்திருக்கிறார் போலும். மரியாள், சூசை என்றே திரும்பத் திரும்ப வருகின்றன. பிறந்த நாளும் ஞானஸ்நானம் பெற்ற நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அம்மாவால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. இந்தக் குழந்தைகளின் பெயர்களை மலரில் வரிசையாக அச்சிடலாமா? அவர்களில் பலருக்குத் தோட்டத்து மயானத்தில் ஒரு சிலுவைகூட இல்லை.

பதில்: உபதேசியார், பண்டாரவளை

தங்கச்சி, பெயர்களை அச்சிட வேண்டாம். அந்தத் தாய்மார்களில் சிலர் இன்னும் உங்கள் லயங்களிலேயே இருப்பார்கள்; முன்னறிவிப்பின்றித் தம் பிள்ளையின் பெயரை ஒரு தாளில் காண்பது அவர்களுக்குத் தாங்க முடியாததாகிவிடும். நீங்களும் அம்மாவும் திருப்பலிக்கு முன்பாக ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், உங்கள் பிள்ளைக்கு எங்கள் அம்மாயி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார், பதிவேட்டில் கண்டோம் என்று சொல்லுங்கள். பதிவு இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. விரும்பியவர்கள் பங்குத்தந்தையிடம் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மலரில், பிறந்த அன்றே இறந்த எங்கள் தோட்டத்துக் குழந்தைகள் பலருக்கு அம்மாயி ஞானஸ்நானம் கொடுத்தார் என்று ஒரு வாக்கியம் எழுதி, பதிவேடு இருக்கும் பங்கின் பெயரைக் குறித்துவிடுங்கள்.

திருப்பலிக் கருத்தில் அம்மாயியின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று எழுதியதற்குக் கீழே, இந்தக் குழந்தைகளை நன்றியோடு நினைவுகூர்வதாகவும் சேர்க்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் பெற்று இறந்த குழந்தைகளுக்காக நாம் இளைப்பாற்றி கேட்பதில்லை. அவர்கள் ஏற்கெனவே இறைவனிடத்தில் இருக்கிறார்கள். எழுதுகிறவர் பழக்கத்தால் எல்லாப் பெயர்களையும் ஒன்றாகப் போட்டுவிடுவார். பூசைக்கு முதல் நாளே தாளைப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கோப்பையை அம்மாவே வைத்திருக்கட்டும். நினைவு மலருக்காகப் படமெடுத்தால், துணியை விலக்கிவிட்டு, விளிம்பு பெயர்ந்த பக்கம் தெரியும்படி எடுங்கள். பத்தியில் திருத்த ஒன்றுமில்லை.